பரணில் கிடந்த ஒட்டுப்போர்வை

இங்கே வழக்கமாகக் கல்வெட்டு, ஏரி மதகு, பழைய வரைபடம் என்று எழுதிக்கொண்டிருப்பேன். இந்த முறை துணி. அதுவும் எங்கள் வீட்டுத் துணி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது மேடவாக்கத்தில் எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு. பீரோவின் கீழ்த்தட்டும் என் புத்தகப் பெட்டிகள் இரண்டும் போய்விட்டன. தண்ணீர் வடிந்ததும் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கி மொட்டை மாடியில் வெயில் காட்டினோம். அப்பாவின் தகரப் பெட்டிக்குள் ஒரு தலையணை உறை இருந்தது. அதைக் கவிழ்த்தால், வண்ண வண்ணமாக அறுகோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பூக்கள் விழுந்தன. மொத்தம் 24.

ஒவ்வொரு பூவும் ஒரே அமைப்பு. நடுவில் அரக்கு நிறத்தில் 1 அறுகோணம், அதைச் சுற்றி 6, அதற்கு வெளியே 12. ஆக ஒரு பூவுக்கு 19 துண்டு. 24 பூவுக்கு 456. துணிகளில் என் பள்ளிச் சீருடையின் நீலம் தெரிந்தது, அப்பாவின் கோடு போட்ட சட்டையும் தெரிந்தது. திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு காகிதம் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. அச்செழுத்து, கையெழுத்து, எண்கள். என்னைப் போன்ற ஆளுக்கு இது புதையல்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதா? கட்டிலுக்கு விரிப்பு தைக்க ஆரம்பிச்சேன் மக்ளே. முப்பது பூ வேணும். ஆறு பாக்கி" என்றார். எப்போ நிறுத்தினீங்க, ஏன் நிறுத்தினீங்க என்று கேட்டேன். "அப்ப கண்ணு சரியில்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இப்படிப் பாதியில் நிற்கிற வேலைக்கு வெளிநாட்டில் குயில்ட் தைப்பவர்கள் 'யுஎஃப்ஓ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பறக்கும் தட்டு இல்லை, 'அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்'. இரண்டு மூன்று அடுக்குத் துணியைச் சேர்த்து ஊடுதையல் போட்ட போர்வைதான் குயில்ட். அதன் மேல்பக்கத்தைத் துண்டுத் துணிகளால் அமைத்தால் ஒட்டுப்போர்வை. நான் தேட ஆரம்பித்தது அம்மாவுடைய 'யுஎஃப்ஓ'வை எப்படி முடிப்பது என்று. தேடல் எங்கெங்கோ போய், கடைசியில் அம்மாவின் பீரோவில் வந்து நின்றது.

கிழிந்த துணியின் மரியாதை

ஒட்டுப் போட்ட துணிக்கு நம் பக்கம் பெரிய மதிப்பு கிடையாது. 'கந்தை' என்றாலே ஏழ்மை. ஆனால் வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் 'காந்தா' இன்று கண்காட்சிப் பொருள். நம் கந்தையும் அவர்கள் காந்தாவும் 'கந்தா' என்ற வடசொல்லோடு தொடர்புடையவை.

இதைவிடப் பழைய ஒரு கதை பௌத்த விநய நூலில் இருக்கிறது. மகத நாட்டில் பயணம் செய்தபோது, வரப்புகளால் கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்த வயல்களைப் புத்தர் ஆனந்தருக்குக் காட்டி, பிக்குகளின் ஆடையை அந்த மாதிரி அமைக்க முடியுமா என்று கேட்டாராம். ஆனந்தர் துண்டுகளைச் சேர்த்துத் தைத்துக் காட்டினார். குப்பையிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய துணியைத் தைத்து உடுத்துவதும் பிக்குகளிடம் வழக்கமாக இருந்தது. இலங்கையில் இன்றும் பிக்குகளின் சீவர ஆடையை உற்றுப் பார்த்தால் அந்த 'வரப்புகள்' தெரியும். வெட்டித் தைத்த துணிக்கு விற்பனை மதிப்பு குறையும். ஆசையும் குறையும் என்பது கணக்கு.

தமிழ்நாட்டில் துண்டுத் துணி வேலைக்கு மதிப்பு கிடைத்த ஓரிடம் கோயில். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேருக்குத் தொங்கவிடும் உருளை வடிவத் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நிறத் துணியில் வேறு நிறத் துணியை வெட்டி வைத்துத் தைப்பார்கள். ஆனால் அது புதுத் துணியில் செய்கிற கைவினைஞர் வேலை. வீட்டில் அப்படி இல்லை. நைந்த சேலையை நாலாக மடித்துத் தைத்து, பிள்ளைக்கு அடியில் விரிப்பார்கள். நல்ல துணியை யாரும் வெட்ட மாட்டார்கள். கிழிந்தால்தான் துண்டு. இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நம் சீட்டி, அவர்கள் போர்வை

'சீட்டிப் பாவாடை' என்று பாட்டிகள் சொல்வார்கள் அல்லவா? அந்தச் சீட்டிதான் ஆங்கிலத்தில் 'சின்ட்ஸ்'. சோழமண்டலக் கரையில் படிகாரம் தடவிச் சாயவேரில் முக்கி எடுத்த சிவப்பு, எத்தனை முறை துவைத்தாலும் போகாது. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அதைப் போலச் செய்ய ஆள் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் மதராசில் இடம் பிடித்ததற்கு முக்கியக் காரணமே துணி. நெசவாளர்களைக் குடியமர்த்தி 1734இல் உருவாக்கியதுதான் சிந்தாதிரிப்பேட்டை.

துணி அங்கே போய்க் குவிந்ததும் உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1700இல் ஒரு சட்டம் கொண்டுவந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதுவும் போதாமல் 1720களின் தொடக்கத்தில் இன்னொரு சட்டம் வந்து, உடுத்துவதற்கும் வீட்டில் பயன்படுத்துவதற்கும் சேர்த்தே தடை. 1774 வரை அது நீடித்தது.

இங்கிலாந்தின் வடக்கே லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் ஒரு ஒட்டுப்போர்வை இருக்கிறது. 1708 வாக்கில் தைத்தது என்கிறார்கள். இங்கிலாந்தில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுப்போர்வைகளில் அது ஒன்று. அதன் துண்டுகள் இந்தியச் சீட்டி! இறக்குமதி நின்றபின் மாளிகைக்காரர்களுக்கும் அந்தத் துணி அருமைப்பட்ட பொருள். சின்னத் துண்டைக்கூடத் தூக்கிப்போட மனம் வராது. ஒட்டுப்போர்வை ஏழைகளின் கண்டுபிடிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு போர்வை அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

இன்னொரு முக்கியமான சாட்சி, இங்கிலாந்தின் குயில்டர்ஸ் கில்ட் சங்கத்திடம் உள்ள பட்டு ஒட்டுப்போர்வை. அதில் 'ஈ.ஹெச்.' என்ற எழுத்துகளும் 1718 என்ற ஆண்டும் துணியிலேயே இருக்கின்றன. யார் அந்த ஈ.ஹெச். என்பதைப் போர்வை சொல்லவில்லை. ஆனால் ஆண்டு இருக்கிறது. கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

நாகர்கோவில் ஊசி

அம்மாவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். அறுபதுகளில் பள்ளியில் தையல் படித்தார். அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தையல் 'லோயர்' தேர்வும் எழுதினார். காகிதம் வைத்து அறுகோணம் தைக்கக் கற்றுக்கொடுத்தது அவருடைய தையல் டீச்சர்.

நாகர்கோவிலில் பெண்கள் கையில் ஊசி பிடித்த கதை லேசுப்பட்டது இல்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் அங்கே வந்தார்கள். மார்த்தா பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் தைக்கவும் சொல்லிக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. 1855இல்தான் முழுவதுமாக ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைச் சேர்த்து விலை கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் பதிவுகள் பேசுகின்றன.

அதே ஊரில் அதே காலத்தில் நடந்ததுதான் தோள்சீலைப் போராட்டம். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாமா, தோளில் சீலை இடலாமா என்பதற்கு 1820களிலிருந்து அடிதடி, வழக்கு, தீ வைப்பு. மிஷன் பள்ளிகளில் தைத்த குப்பாயம் அந்தச் சண்டையின் நடுவில் இருந்தது. 1859 ஜூலை 26இல்தான் மகாராஜா உத்தரவு வந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு ரவிக்கை தைப்பது அரசியலாக இருந்த ஊர் அது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1841இல், 'ராஜா' என்ற கப்பலில் 180 பெண் கைதிகளை இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தினார்கள். எலிசபெத் ஃப்ரை ஆரம்பித்த குழு அவர்களுக்குத் துண்டுத் துணியும் நூலும் ஊசியும் கொடுத்தனுப்பியது. ஏப்ரல் 5 கிளம்பி ஜூலை 19 ஹோபார்ட் போய்ச் சேருவதற்குள், 2,815 துண்டுகள் கொண்ட ஒரு போர்வை தயார். இப்போது ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. குழுவுக்கு நன்றி சொல்லும் வாசகத்தை அதில் தைத்திருக்கிறார்கள். தைத்தவர்கள் பெயர் இல்லை. கடலில், கைதியாக, 105 நாள். இதை அம்மாவிடம் சொன்னேன். "அவங்களுக்குச் சமையல் இல்லல்லா" என்றார்.

காகிதம் சொன்ன தேதி

இனி எங்கள் வீட்டு ஆவணத்துக்கு வருவோம். காகித முறை இதுதான். காகிதத்தை அச்சுப் பிசகாமல் அறுகோணமாக வெட்ட வேண்டும். அதைவிடக் கால் அங்குலம் பெரிய துணியை அதன்மேல் மடித்து, நீளத் தையலில் தற்காலிகமாகப் பிடிக்க வேண்டும். இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து விளிம்பில் பொடித் தையல். நாலாபக்கமும் சேர்ந்தபிறகு தற்காலிகத் தையலைப் பிரித்துக் காகிதத்தை உருவிவிட வேண்டும்.

அதாவது, முடிந்த போர்வையில் காகிதம் இருக்காது. முடியாத போர்வையில் இருக்கும். பழைய கடிதம், கடை பில், பிள்ளைகள் எழுதிய காப்பி நோட்டு என்று கையில் கிடைத்ததை வெட்டியிருப்பார்கள். அதனால் ஒட்டுப்போர்வை ஆய்வாளர்களுக்கு முடிக்காமல் விட்டவைதான் பொக்கிஷம். மென்பொருள்காரன் மொழியில் சொன்னால், 'கமிட் ஹிஸ்டரி' அழியாமல் கிடைக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 1990 தேதி போட்ட காகிதம் இருந்தால் தையல் 1990க்கு முன்னால் இல்லை என்பது மட்டும்தான் உறுதி. பின்னால் எப்போது வேண்டுமானாலும் தைத்திருக்கலாம். துணியோ அதைவிடப் பழையதாக இருக்கும். ஒரே துண்டில் துணியின் வயது, காகிதத்தின் வயது, தையலின் வயது என்று மூன்று.

எங்கள் அதிர்ஷ்டம், அம்மா வெட்டியதில் பெரும்பகுதி தினசரி காலண்டர் தாள். கிழித்த தாளைச் சீக்கிரமே வெட்டியிருப்பார், பல வருஷம் சேர்த்து வைத்திருக்க மாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். தேதி படிக்க முடிந்தவற்றை எக்செல்லில் ஏற்றினேன். மிகப் பழையது 1989 பிப்ரவரி. கடைசி 1992 நவம்பர். நடுவே ஒரு கல்யாணப் பத்திரிகை, அப்பாவின் பயணப்படி பில்லின் கார்பன் நகல், நான் வகுத்தல் கணக்கில் தப்பு செய்து டீச்சர் சுழித்த ஒரு தாள்.

உடனே ஒரு கோட்பாடு தயாரித்தேன். நாங்கள் தாம்பரம் வாடகை வீட்டிலிருந்து மேடவாக்கத்துக்கு வந்தது 1993 தொடக்கத்தில். அப்போது கூட்ரோட்டைத் தாண்டினால் வயல். கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும். ஆக, வீடு கட்டிய அலைச்சலில் வேலை நின்றது, புது வீட்டு வெளிச்சத்தில் தொடர முடியவில்லை. 'கண்ணு சரியில்ல' என்ற வாய்மொழிச் சான்றோடும் பொருந்துகிறது. நான்கு பத்தி எழுதியும்விட்டேன்.

இரண்டு தயக்கங்கள்

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குப் பார்வை நன்றாக இருந்தது. விரல்தான் லேசாக நடுங்கியது. "நீ தையி, நான் சொல்லித்தாரேன்" என்றார். 2024 பொங்கலுக்குப் பிறகு சனி ஞாயிறுகளில் உட்கார ஆரம்பித்தேன். என் முதல் மூன்று தையலையும் பார்த்துவிட்டு, "பிரி" என்றார். எந்த கோட் ரிவ்யூவிலும் எனக்கு இவ்வளவு சுருக்கமான பதில் வந்ததில்லை.

சிக்கல் வேறு. போர்வையை முடித்தால் காகிதத்தை எடுத்தாக வேண்டும். உள்ளேயே விட்டால் துவைக்க முடியாது. தவிர, மலிவுக் காகிதம் பழுப்பேறும்போது அமிலம் உண்டாகித் துணியையும் அரிக்கும். எடுத்தாலோ எந்தத் தாள் எந்தத் துணிக்குள் இருந்தது என்ற உறவு போய்விடும். நான் "இப்படியே வெச்சிடலாமா?" என்று இழுத்தேன். மனைவி கேட்டாள்: "அத்தை தைச்சது போத்திக்கவா, நீங்க கட்டுரை எழுதவா?"

வடகர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் காடுகளில் வாழும் சித்தி மக்களைப் பற்றி அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களின் ஒட்டுப்போர்வைக்குப் பெயர் கவந்தி. பழந்துணிகளை ஓரத்திலிருந்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். கடைசியில் நாலு மூலையிலும் 'பூலா', அதாவது பூ, வைக்க வேண்டும். அது இல்லாத போர்வை அம்மணம் என்பது அவர்கள் பேச்சு. போர்வையின் வயிறு நிறைய வேண்டும் என்று சிலர் உள்ளே நாலு அரிசி வைத்துத் தைப்பதையும் ஹென்றி ட்ரூவல் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். மூடுகிறவர்களும் பசியோடு தூங்கக் கூடாதாம். போர்வை என்பது ஒரு ஆள் அடியில் படுப்பதற்கு என்பதை ஆவணக்காரர்கள் மறந்துவிடுகிறோம்.

ஆகவே 456 துண்டையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, பூ எண், வளைய எண், துண்டு எண் போட்டேன். காகிதத்தை ஒவ்வொன்றாக உருவி, அதே எண்ணோடு உறையில் போட்டேன். இரண்டு மாதம் ஆனது. வகுத்தல் கணக்குத் தாளை மட்டும் மகள் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள்.

பாக்கி ஆறு பூ. வெளி வளையங்களுக்குப் பழைய சட்டைகள் இருந்தன. நடு அறுகோணத்துக்கு அந்த அரக்குத் துணி ஆறே ஆறு துண்டு வேண்டும். தி.நகரில் அதே நிறத்தில் வாங்கிவிடலாம் என்றேன். அம்மா பதில் சொல்லாமல் எழுந்துபோய், பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு சேலையை எடுத்து வந்தார். வடசேரியில் எடுத்த கைத்தறிச் சேலை. ஆச்சியுடையது.

24 பூவின் நடுவும் அந்தச் சேலைதான். முந்தானை ஓரம் ஆணியில் மாட்டிக் கிழிந்தபோது, "இத நீ வெச்சு தையி" என்று ஆச்சியே வெட்டிக் கொடுத்த பகுதி. அது 24 துண்டோடு தீர்ந்துபோனது. 1992 டிசம்பரில் ஆச்சி போய்விட்டார்கள். மிஞ்சியிருந்தது கிழியாத சேலை. அதில் கத்தரி வைக்க அம்மாவுக்குக் கை வரவில்லை. வீடு மாறியதோ கண்ணோ காரணமே இல்லை.

தேதியில் நான் ஒரு மாதம்கூடத் தப்பவில்லை. காரணத்தில் முழுத் தப்பு. இத்தனைக்கும் சாட்சி பக்கத்து அறையில் இருந்தார். 31 வருஷத்தில் ஒரு முறைகூட நான் உட்கார்ந்து கேட்கவில்லை. முதல் தடவை கேட்டபோது கிடைத்த பதிலை அப்படியே குறித்துக்கொண்டு போய்விட்டேன்.

அம்மா சேலையைக் கட்டிலில் விரித்தார். இடுப்பில் செருகும் உள்தலைப்புப் பக்கம் நாலு விரல் அகலம் அளந்து, கத்தரியால் ஒரு வெட்டு வைத்து, நூல் பிடித்துக் கிழித்தார். ஒரே கீற்று. ஆறு துண்டுக்குத் தாராளம்.

"இவ்வளவுதானா? உள்ளே போற பக்கம், கட்டினா தெரியவே தெரியாதே. அப்பவே பண்ணியிருக்கலாமேம்மா."

"பண்ணியிருக்கலாம். மனசு வரல மக்ளே" என்றார்.

2024 தீபாவளிக்கு முந்தின வாரம் முப்பது பூவும் சேர்ந்தன. அடித்துணியாக ஒரு பழைய வெள்ளை வேட்டி. பின்பக்க மூலையில், 1718 போர்வையின் ஈ.ஹெச். பாணியில், ஆச்சியின் முதலெழுத்தும் அம்மாவின் முதலெழுத்தும் 1989–2024 என்றும் சங்கிலித் தையலில் போட்டேன். 4 கொஞ்சம் கோணல். அம்மா இந்த முறை பிரிக்கச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் பாதியில் நின்ற பின்னல், பூ வேலை, பாசிமணிப் பை ஏதாவது இருக்கும். முடிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். உள்ளே காகிதம் இருந்தால் எண் போட்டு எடுங்கள். தைத்தவர் இருந்தால் ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்து, துணியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு முறை கேளுங்கள்.

ஆச்சி சேலையின் வெட்டிய ஓரத்தை அம்மா அன்றைக்கே மடித்துத் தைத்துவிட்டார். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு வந்தார். நாலு விரல் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை.